ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னுபோற பழைய புல்லட்: லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, பிளக்குல மட்டும் கரண்ட் இல்லை

பள்ளத்தூர் புல்லட் | மார்ச் 2, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். வண்டி புல்லட் 350, 1994 மாடல், 12 வோல்ட், பாயிண்ட் செட் (காயிலுக்குப் போற கரண்ட்டைத் திறந்து மூடுற சுவிட்ச்) உள்ளது. எங்க அப்பச்சி வாங்கின வண்டி. அவங்க தவறினப்புறம் 9 வருஷம் வீட்டு முகப்புல சாக்குப் போட்டு மூடியே கிடந்துச்சு. போன வருஷம் முழுசாப் பிரிச்சு, சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் அடிச்சு, புது ஒயரிங் கிட் போட்டு எடுத்தேன். பார்க்க அப்பச்சி ஓட்டினப்ப இருந்த மாதிரியே இருக்கு.

நாலு மாசமா ஒரே தொந்தரவு. நல்லா ஓடிக்கிட்டு இருக்கும், சுவிட்சை அணைச்ச மாதிரி பொட்டுனு நின்னுடும். சில நாள் ரெண்டே நிமிஷத்துல உதைச்சதும் கிளம்பிடும். சில நாள் அரைமணி நேரம் ஆனாலும் கிளம்பாது. அப்புறம் ஒரு வாரம் ஒண்ணுமே இருக்காது. கோட்டையூர் தாண்டி ரெண்டு தடவை நின்னுச்சு. போன வாரம் காரைக்குடியில முத்துமாரியம்மன் கோயில் பக்கம், கூட்டத்துக்கு நடுவுல, அம்மாவைப் பின்னாடி உட்கார வச்சிருக்கும்போது நின்னுச்சு. அம்மா இறங்கி வெயில்ல நின்னதைப் பார்த்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்லை.

இதுவரைக்கும் மாத்தினது: காயில், கண்டென்சர், பாயிண்ட், பிளக், பிளக் கேப், கடைசியா பேட்டரி. மெக்கானிக்கிட்ட கொண்டுபோனா அங்க ஒழுங்கா ஓடுது. எங்கேயிருந்து ஆரம்பிக்கிறதுன்னு யாராவது சொல்லுங்க.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப் | மார்ச் 2, இரவு 10:25

தம்பி, பார்ட்ஸ் மாத்துறதை இன்னையோட நிறுத்துங்க. ஒரு பார்ட்டை மாத்துறப்ப நாலு ஒயரைக் கழட்டி மாட்டுவோம். அந்த அசைவுலேயே லூஸ் காண்டாக்ட் ஒரு வாரத்துக்குச் சரியாயிடும். காயில்தான் போயிருந்துச்சுன்னு நம்பிக்கிட்டு இருப்போம். மறுபடி நிக்கும். ஆறு பார்ட் மாத்தின உங்களுக்கு நடந்திருக்கிறது அதுதான்னு நினைக்கிறேன்.

நின்னவுடனே உதைக்காதீங்க. முதல் ஒரு நிமிஷம் எதையும் தொடாம இதை மட்டும் பாருங்க:

ஹெட்லைட் எரியுதா? ஹாரன் பலமா அடிக்குதா, ஈனஸ்வரத்துல அடிக்குதா?

அப்புறம் எல்லா லைட்டையும் அணைச்சிட்டு, சாவி ஆன்ல இருக்க, டூம்ல (ஹெட்லைட் கூடுல) இருக்கிற ஆம்பியர் மீட்டரைப் பாருங்க. கிக்கரைக் கையால மெதுவா அமுக்கி இன்ஜினைச் சுத்தவிடுங்க. பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடது பக்கம் சுமார் 3 ஆம்பியர் இறங்கணும், பாயிண்ட் திறந்ததும் பூஜ்யத்துக்கு வரணும். இறங்கி ஏறி இறங்கி ஏறி ஆடணும்.

முள் ஆடுது, ஆனா பிளக்குல ஸ்பார்க் இல்லைன்னா கண்டென்சர், காயிலோட உள்சுத்து, பிளக் ஒயர் இந்தப் பக்கம். முள் ஆடுது, ஸ்பார்க்கும் இருக்குன்னா அது பெட்ரோல் கோளாறு, நீங்க கரண்ட்டைத் தேடவே வேண்டாம். முள் இறங்கின இடத்துலேயே நிக்குதுன்னா காயில்ல இருந்து பாயிண்டுக்கு வர்ற ஒயர் எங்கேயோ பாடியில உரசி எர்த் ஆகுது, இல்லாட்டி பாயிண்ட் திறக்கவே இல்லை. முள் அசையவே இல்லைன்னா காயிலுக்குக் கரண்ட் போகலை, இல்லை போன கரண்ட் திரும்பி வர வழியில்லை.

இந்த வண்டியில கம்பெனியே ஒரு மீட்டரை வச்சுக் கொடுத்திருக்கு. இப்ப வர்ற வண்டிகள்ல இந்த வசதி கிடையாது.

புதுவயல் ஆர்எக்ஸ் | மார்ச் 3, காலை 7:05

மேல அண்ணன் சொன்னதோட இன்னொண்ணு. நின்னதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்க. "உஸ்"னு காத்து உள்ள இழுத்தா மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம். பெட்ரோல் இறங்காம நிக்கும், பத்து நிமிஷத்துல தானா கிளம்பும். அசல் கரண்ட் கோளாறு மாதிரியே ஏமாத்தும். 9 வருஷம் நின்ன வண்டின்னு சொல்றீங்க, குளவி மண் வச்சு அடைச்சிருக்கக்கூட வாய்ப்பிருக்கு.

பள்ளத்தூர் புல்லட் | மார்ச் 3, காலை 7:30

ரெண்டு பேருக்கும் நன்றி. மூடியைக் கழட்டி ஊதிப் பார்த்தேன், காத்து தாராளமா போகுது. இனிமே நின்னா அண்ணன் சொன்ன மாதிரி பார்த்துட்டு எழுதறேன். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் டூல் பாக்ஸ்ல போட்டிருக்கேன்.

கோட்டையூர் டீச்சர் | மார்ச் 3, மாலை 5:50

தம்பி, நோட்டுல எத்தனை கிலோமீட்டர் ஓடினப்புறம் நின்னுச்சு, இன்ஜின் சூடா இருந்துச்சா, மழையா வெயிலா, ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு, கிளட்ச் பிடிச்சிருந்தீங்களா, இதெல்லாம் எழுதுங்க. என்னோட பழைய 100 சிசி வண்டியில பிரேக் லைட் ஃபியூஸ் வாரத்துக்கு ஒண்ணு போகும். எழுதி வச்சுப் பார்த்தப்ப, பின்னாடி ஆள் உட்கார்ந்த நாள்ல மட்டும்தான் போயிருந்துச்சு. சீட் அமுங்கி, அடியில இருந்த ஒயரைக் கம்பியோட சேர்த்து நசுக்கியிருக்கு. அதைக் கண்டுபிடிச்சது மெக்கானிக் இல்லை, என் நோட்டுதான்.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப் | மார்ச் 3, இரவு 9:15

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. சூடானா வர்ற கோளாறு வேற, அசைஞ்சா வர்ற கோளாறு வேற, நனைஞ்சா வர்ற கோளாறு வேற. மூணுக்கும் தேடுற இடமே வேற.

சூட்டுல வர்றதா இருந்தா காயில், கண்டென்சர். அதை வீட்டுலேயே சோதிக்கலாம். தலைமுடி காயவைக்கிற டிரையரால அந்த ஒரு பார்ட்டை மட்டும் சூடாக்கணும், வண்டி நின்னா ஈரத்துணியைச் சுத்திக் குளிரவச்சு மறுபடி கிளம்புதான்னு பார்க்கணும். இதைச் செய்றப்ப பெட்ரோல் குழாயை மூடிட்டு, காத்தோட்டமான வெளி இடத்துல வச்சுச் செய்யுங்க. கார்புரேட்டர்ல இருக்கிற பெட்ரோலுக்கே சில நிமிஷம் வண்டி ஓடும், அது போதும்.

பள்ளத்தூர் புல்லட் | மார்ச் 8, இரவு 8:10

நின்னுச்சு. இன்னைக்குச் சாயந்தரம் 5:20, கோட்டையூர் பக்கம், வீட்டுல இருந்து கிளம்பி 6 கிலோமீட்டர் கூட ஆகலை. நோட்டுல எழுதினதை அப்படியே போடறேன்.

ஹெட்லைட் நல்லா எரிஞ்சுது. ஹாரன் பலமா அடிச்சுது. லைட்டை அணைச்சிட்டு, சாவி ஆன்ல வச்சு கிக்கரை அமுக்கினேன். முள் பூஜ்யத்துலேயே நின்னுச்சு. நாலு தடவை சுத்திப் பார்த்தேன், அசையலை. ஸ்பேர் பிளக்கை மாட்டி ஹெட்ல உரசவச்சு உதைச்சுப் பார்த்தேன், ஸ்பார்க் இல்லை.

அப்புறம் ஒண்ணு நடந்துச்சு. நான் சும்மா கிளட்ச் லீவரைப் பிடிச்சு விட்டேன். முள் 'டக்'னு இடது பக்கம் 3-க்கு இறங்குச்சு. உதைச்சேன், ஒரே உதையில கிளம்பிடுச்சு. கிளட்சுக்கும் கரண்ட்டுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியலை. ஆனா கண்ணால பார்த்தேன்.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப் | மார்ச் 8, இரவு 8:45

தம்பி, இதைவிடத் தெளிவா யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

லைட்டும் ஹாரனும் ஒழுங்கா இருக்கிறதால பேட்டரி, ஃபியூஸ், பேட்டரியில இருந்து டூமுக்கு வர்ற மெயின் ஒயர், மூணும் நல்லா இருக்கு. முள் அசையலைங்கிறதால காயில் சர்க்யூட் எங்கேயோ அறுந்து நிக்குது. கிளட்சைப் பிடிச்சதும் வந்துடுச்சு. இங்கதான் விஷயம்.

பேட்டரியில இருந்து புறப்படுற கரண்ட் சாவி வழியா காயிலுக்கு வந்து, காயில்ல இருந்து பாயிண்டுக்கு வந்து, பாயிண்ட் வழியா இன்ஜினோட உடம்புக்கு வருது. இன்ஜின்ல இருந்து சேஸிஸ், சேஸிஸ்ல இருந்து பேட்டரியோட எர்த். லைட்டுக்கும் ஹாரனுக்கும் இன்ஜின் தேவையில்லை, அதுங்க நேரா சேஸிஸ்ல எர்த் எடுக்குது. ஆனா காயிலுக்கு இன்ஜின்தான் வழி. பவுடர் கோட்டிங் அடிச்சேன்னு முதல் பதிவுலேயே எழுதியிருந்தீங்க. இன்ஜின் உட்கார்ற பிளேட், போல்ட் ஓட்டை, எல்லாத்து மேலேயும் அந்தக் கோட்டிங் இருக்கும். அது பிளாஸ்டிக் மாதிரி, கரண்ட்டை விடாது. உங்க இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒழுங்கான எர்த்தே கிடையாது. கிளட்ச் ஒயரோட இரும்புக் கம்பி வழியா ஏதோ போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருக்கு. லீவரைப் பிடிச்சா கம்பி இறுகி எங்கேயோ நல்லாத் தொடுது, விட்டா விட்டுப்போகுது.

நாளைக்கு மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வச்சு, அதோட ஒரு கம்பியைப் பேட்டரியோட எர்த் முனையில, இன்னொண்ணை இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட் மேல வையுங்க. சாவி ஆன், பாயிண்ட் மூடியிருக்கணும். கரண்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போது அளக்கணும், அதுதான் முக்கியம். 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்லை.

பள்ளத்தூர் புல்லட் | மார்ச் 9, காலை 11:30

அண்ணே, 1.8 வோல்ட் காட்டுது! கிளட்ச் பிடிச்சா 0.6, விட்டா மறுபடி 1.8. ஒரு தடவை ஹேண்டிலைத் திருப்பினப்ப 12-க்கே போயிட்டு வந்துச்சு.

நேத்து இதே இடத்தை ஓம்ஸ்ல வச்சு அளந்தேன், சாவியை அணைச்சிட்டு. மீட்டர் ஒண்ணுமில்லைன்னு, அதாவது நல்ல தொடர்புன்னுதான் காட்டுச்சு. அது ஏன்?

மின்வேதி | மார்ச் 9, பிற்பகல் 1:10

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பல ஆண்டுகள் ஆய்வகப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த நிலையம் அது. உலோக அரிப்பு அங்கே ஒரு தனித் துறை. அதனால் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

ஓம்ஸில் அளக்கும்போது மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் அனுப்புகிறது. அதற்கு ஒரு மயிரிழைத் தொடர்பு போதும். காயிலோ 3 ஆம்பியர் கேட்கிறது. அரை ஓம் தடை இருந்தால் 3 ஆம்பியருக்கு ஒன்றரை வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். சாதாரண மீட்டரில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3, 0.4 ஓம் காட்டும். அந்த அளவுத் தடை ஒயரில் இருப்பதும் மீட்டரில் இருப்பதும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. வோல்ட் இறக்கமாக அளந்தால் எளிதில் அகப்பட்டுவிடும்.

இன்ஜின் அலுமினியம், போல்ட் இரும்பு, ஒயர் முனையில் உள்ள லக் செம்பு அல்லது பித்தளை. மூன்று உலோகங்கள் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அது ஒரு சிறு மின்கலம்தான். அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகும், அந்தப் பொடி மின்சாரத்தை விடாது. கோட்டிங்கைச் சுரண்டுவதோடு நிறுத்தாமல், மாட்டிய பின் அந்த இடத்தில் வாசலின் பூசி ஈரம் போகாமல் மூடிவிடுங்கள்.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப் | மார்ச் 9, பிற்பகல் 2:00

ஐயா சொன்னதை அப்படியே எடுத்துக்குங்க. கோட்டிங்கைச் சுரண்டுறதோட, பேட்டரி எர்த் முனையில இருந்து இன்ஜின் போல்ட்டுக்குத் தனியா ஒரு தடிமனான ஒயர் இழுத்துடுங்க. அதுக்கப்புறம் சேஸிஸை நம்பி இருக்க வேண்டியதில்லை. லக் நல்லா அமுக்கினதா இருக்கணும், அடியில பல் வாஷர் போடுங்க.

பள்ளத்தூர் புல்லட் | மார்ச் 10, இரவு 7:45

முடிச்சாச்சு. முகப்புல ஆத்தங்குடிக் கல்லுல எண்ணெய் படாம ரெண்டு சாக்கு விரிச்சு, சாயந்தரம் முழுக்க உட்கார்ந்தேன். முன்பக்க இன்ஜின் பிளேட் போல்ட்டைக் கழட்டினா, ஓட்டையைச் சுத்திக் கறுப்புக் கோட்டிங் பளபளன்னு புதுசா இருக்கு, ஒரு கீறல்கூட இல்லை. அத்தனை மாசமும் வண்டி கிளட்ச் கம்பியை நம்பித்தான் ஓடியிருக்கு.

புது எர்த் ஒயர் போட்டேன். இப்ப அளந்தா 0.04 வோல்ட். கிளட்ச் பிடிச்சாலும் விட்டாலும் 0.04. முத உதையிலேயே கிளம்புது. எல்லாருக்கும் கோடி நன்றி.

புதுவயல் ஆர்எக்ஸ் | மார்ச் 10, இரவு 8:30

வாழ்த்துகள்ணே! என் கதையையும் சொல்லிடறேன், ரெண்டு ஸ்ட்ரோக் வச்சிருக்கிறவங்களுக்கு உதவும். ஆர்எக்ஸ் 100-ல இது வேற மாதிரி. அதுல பாயிண்டுக்குப் பதிலா சிடிஐ-னு ஒரு எலக்ட்ரானிக் பெட்டி, ஸ்பார்க்குக்குப் பேட்டரியே வேண்டாம், மேக்னட்ல இருந்தே வருது. சாவியை அணைச்சா கரண்ட்டை நிறுத்தாது, சிடிஐ-ல இருந்து வர்ற ஒரு ஒயரை எர்த்தோட சேர்த்துவிடும், அப்பத்தான் வண்டி நிக்கும். கறுப்பு ஒயர்ல வெள்ளைக் கோடு போட்டது. அதனால அந்த ஒயர் தோல் உரிஞ்சு எங்கேயாவது பாடியில தொட்டா, சாவி ஆன்ல இருந்தாலும் வண்டி நின்னுடும்.

எனக்கு ஸ்பீட் பிரேக்கர் ஏறினா நிக்கும். ஹெட்லைட்டுக்குள்ள அந்த ஒயரோட பின்னை மட்டும் கழட்டிவிட்டு ரெண்டு நாள் ஓட்டினேன். சாவியில நிக்காது, கியரைப் போட்டு கிளட்சை விட்டு நிறுத்திக்கிட்டேன். ரெண்டு நாளும் ஒரு தடவைகூட நிக்கலை. அப்ப சிடிஐ, காயில் எல்லாம் நல்லா இருக்கு, இந்த ஒயர்தான்னு முடிவாயிடுச்சு. டேங்கைக் கழட்டிப் பார்த்தா, டேங்க் ரப்பர் பக்கத்துல உரசி வெறும் செம்பு தெரிஞ்சுது.

பள்ளத்தூர் புல்லட் | மார்ச் 31, இரவு 10:05

மறுபடி வந்திருக்கேன். மூணு வாரம் நல்லா ஓடுச்சு. இன்னைக்குக் கானாடுகாத்தான்ல இருந்து திரும்பி வரும்போது நின்னுடுச்சு.

ஆனா இது வேற. லைட் இல்லை, ஹாரன் இல்லை, முள் அசையலை, மொத்தமா செத்துப்போச்சு. ஹேண்டில் இடது பக்கம் திரும்பியிருந்துச்சு. நேரா வச்சதும் எல்லாம் திரும்ப வந்துச்சு. இடது பக்கம் முழுசா ஒடிச்சா பத்துக்கு ரெண்டு தடவை போகுது. எர்த்தை மறுபடி அளந்தேன், 0.04 தான், மாறலை.

பழைய நோட்டைப் புரட்டினேன். அந்த முத்துமாரியம்மன் கோயில் நாள்ல லைட் எரிஞ்சுதா இல்லையான்னு நான் பார்க்கவே இல்லை. ரெண்டு கோளாறும் அப்பவே சேர்ந்து இருந்திருக்குமோன்னு தோணுது.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப் | மார்ச் 31, இரவு 10:40

இருந்திருக்கும் தம்பி. பழைய வண்டியில ஒரே ஒரு கோளாறுதான்னு நினைச்சுத் தேடினா அலைய வேண்டியதுதான். ஒண்ணைச் சரிபண்ணாத்தான் அடுத்தது தெரியும்.

லைட், ஹாரன், காயில் மூணும் ஒண்ணாப் போகுதுன்னா மூணுக்கும் பொதுவான இடம் எது? பேட்டரி, ஃபியூஸ், அங்கேயிருந்து டூம்ல இருக்கிற ஆம்பியர் மீட்டருக்கு வர்ற மெயின் ஒயர், சாவி. ஹேண்டில் திரும்பினா போகுதுன்னா, கழுத்துல, கோன் செட் பக்கத்துல ஒயர் மடங்குற இடம். ஒயரோட தோல் முழுசா இருக்கும், உள்ள செம்பு மட்டும் ஒடிஞ்சிருக்கும். கண்ணால பார்த்தா தெரியாது.

இதுக்கு மீட்டர் மட்டும் போதாது. 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு எடுத்து ரெண்டு ஒயர் பத்தவச்சுக்குங்க. ஒரு முனை ஆம்பியர் மீட்டர்ல பேட்டரி ஒயர் வந்து சேர்ற இடத்துல, இன்னொரு முனை நல்ல எர்த்துல. பல்பு எரிய ஒண்ணே முக்கால் ஆம்பியர் வேணும். சாவியை அணைச்சு வச்சுக்கிட்டு, அது எரியும்போது கழுத்துப் பக்கம் ஒயர்க் கட்டை ஒரு அங்குலம் ஒரு அங்குலமா வளைச்சுக்கிட்டே போங்க. எங்க வளைக்கும்போது பல்பு மங்குதோ அங்க.

கோட்டையூர் டீச்சர் | ஏப்ரல் 1, காலை 6:40

அண்ணே, ஒரு சந்தேகம். கோளாறு ஷார்ட் ஆகுறதா இருந்தா, எர்த்தோட உரசி ஃபியூஸ் போயிட்டே இருந்தா எப்படித் தேடுறது? எனக்கு அன்னைக்கு எட்டு ஃபியூஸ் செலவாச்சு.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப் | ஏப்ரல் 1, காலை 7:15

அதே பல்புதான் டீச்சர். ஃபியூஸைக் கழட்டிட்டு அந்த இடத்துல பல்பை மாட்டுங்க. ஷார்ட் ஆனா பல்பு முழு வெளிச்சத்துல எரியும், ஃபியூஸ் போகாது, ஒயரும் உருகாது. ஷார்ட் இல்லாதப்ப அணைஞ்சோ மங்கலாவோ இருக்கும். ஒவ்வொரு கனெக்டரா கழட்டிக்கிட்டே வாங்க. எதைக் கழட்டினதும் வெளிச்சம் குறையுதோ அந்தப் பக்கம்தான் கோளாறு.

பள்ளத்தூர் புல்லட் | ஏப்ரல் 5, மாலை 6:20

கண்டுபிடிச்சாச்சு!

மீட்டரை மட்டும் வச்சு அளந்தப்ப ஆம்பியர் மீட்டர் முனையில 12.4 வோல்ட் காட்டுச்சு, குறையே இல்லை. பல்பை மாட்டினேன், அதே இடத்துல 7 வோல்ட்டுக்கு இறங்கிடுச்சு. பல்பு செக்கச் செவேல்னு மங்கலா எரிஞ்சுது. கழுத்துக்குக் கொஞ்சம் கீழ, டேங்க் முனைக்கு நேரா ஒயர்க் கட்டை வளைச்சேன், அணைஞ்சே போச்சு.

ஸ்லீவை பிளேடால நீளவாக்குல கீறித் திறந்தேன். ஒயரிங் போட்டுக் கொடுத்த இடத்துல, அழகா இருக்கட்டும்னு கட்டை சேஸிஸோட பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டியிருக்காங்க. ஹேண்டில் திரும்புறதுக்குத் தளர்வு விடவே இல்லை. ஹேண்டில் திரும்புறப்ப எல்லாம் மெயின் ஒயர் அந்த டை இருக்கிற ஒரே இடத்துலதான் மடங்கியிருக்கு. தொட்டுப் பார்த்தா அந்த இடம் மட்டும் கொழகொழன்னு, உள்ள எலும்பு இல்லாத மாதிரி இருந்துச்சு. தோலை உரிச்சேன். இழைகள்ல ரெண்டே ரெண்டுதான் மிச்சம், மத்தது எல்லாம் ஒடிஞ்சு முனை கறுத்துப்போய் இருந்துச்சு. கொஞ்சம் பச்சையா களிம்பும் பிடிச்சிருந்துச்சு. ரெண்டு இழையில ஹெட்லைட், ஹாரன், காயில் எல்லாம் ஓடியிருக்கு.

அம்மா பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தாங்க. களிம்பைப் பார்த்ததும் "பித்தளைக் குடத்துக்குப் போடற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சா போயிடுமே"ன்னாங்க. போடலாமா?

மின்வேதி | ஏப்ரல் 5, இரவு 7:30

அம்மா சொல்வது பாத்திரத்துக்கு முற்றிலும் பொருந்தும். புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும், தேய்த்த பிறகு நாம் தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிடுகிறோம். ஒயருக்குள் அப்படி அலச முடியாது. இழைகளுக்கு நடுவில் தங்கும் அமிலமும் உப்பும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு மாதத்தில் முன்பைவிட மோசமாகக் களிம்பு ஏறும். ஒயரில் களிம்பு தெரிந்தால் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி எறிவதுதான் வழி. கனெக்டர் பின்னாக இருந்தால் காண்டாக்ட் கிளீனர் தெளித்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, காய்ந்தபின் வாசலின் போடலாம்.

தொண்டி, மீமிசல் பக்கம் கடற்கரை ஊர்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் களிம்பு விரைவாக ஏறும், ஒயரின் வெட்டு முனை வழியாகத் தோலுக்குள்ளேயே நெடுந்தூரம் போகும்.

அந்த ஒடிந்த துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். லென்ஸ் வைத்து முனைகளைப் பாருங்கள். கறுப்பு அங்கே பொறி பறந்ததன் அடையாளம்.

புதுவயல் ஆர்எக்ஸ் | ஏப்ரல் 5, இரவு 8:00

வெட்டி எடுத்துட்டு ஈயம் பத்தவச்சு இணைச்சிடுங்கண்ணே, அதுதான் பலம்.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப் | ஏப்ரல் 5, இரவு 8:50

தம்பி புதுவயல், கழுத்துல மட்டும் ஈயம் வேண்டாம். ஈயம் உருகி இழைகளுக்குள்ள ஏறி ஒயரைக் குச்சி மாதிரி ஆக்கிடும். அந்தக் குச்சி முடியுற இடத்துல, அதிர்வுல, மறுபடி ஒடியும். நான் இதை அனுபவத்துல கத்துக்கிட்டேன். ஆரம்ப காலத்துல நான் ஈயம் வச்சுக் கொடுத்த வண்டியே ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கு.

அந்தப் பகுதி ஒயரையே முழுசா மாத்துங்க. ஃபியூஸ் பக்கத்துல இருந்து டூம் வரைக்கும் ஒரே நீளமா, நடுவுல இணைப்பே இல்லாம. வீட்டு ஒயரிங்குக்குப் போடற ஒத்தைக் கம்பி ஒயரைப் போட்டுடாதீங்க, அது நாலு நாள்ல ஒடியும். நிறைய மெல்லிய இழை உள்ள வண்டி ஒயர்தான் வேணும், பழசைவிட ஒரு சைஸ் பெருசு. முனைக்கு நல்ல கிரிம்பிங் கருவியால லக் அமுக்குங்க. டையை வெட்டிட்டு, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கமும் இழுக்காத அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டுங்க. ஒரே இடத்துல மடங்காம, ஒரு வளையமா சுத்தி வரணும்.

பக்கத்து ஒயர்களையும் அதே இடத்துல விரலால அமுக்கிப் பாருங்க. மெயின் ஒயர் போன இடத்துல அதோட கூட்டாளிகளும் பாதி போயிருக்கும்.

பள்ளத்தூர் புல்லட் | ஏப்ரல் 12, இரவு 9:00

அண்ணன் சொன்ன மாதிரியே செஞ்சேன். பக்கத்துல ஹாரன் ஒயரும், சாவியில இருந்து காயிலுக்குத் திரும்பி வர்ற ஒயரும் அதே இடத்துல கொழகொழன்னு இருந்துச்சு. மூணையும் புதுசா இழுத்தேன். இப்ப பல்பை மாட்டினா 12.3. ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஐம்பது தடவை திருப்பினேன், பல்பு அசையலை.

லென்ஸ் வச்சு அந்த ஒயர் முனையைப் பார்த்தேன் ஐயா. ஒவ்வொரு இழை நுனியும் உருகிச் சின்னச் சின்னக் குண்டுமணி மாதிரி இருந்துச்சு.

இன்னொண்ணும் செஞ்சேன். நான் கழட்டிப் போட்ட பழைய காயில், அப்பச்சி காலத்துலேயே வண்டியில இருந்தது. பரண்ல அட்டைப் பெட்டியில வச்சிருந்தேன். அளந்தேன், பிரைமரி சுத்து 3.6 ஓம், சரியாத்தான் இருக்கு. டிரையர் வச்சுச் சூடாக்கியும் ஓட்டிப் பார்த்தேன், ஒரு தடவைகூடப் பிசகலை. அது கெட்டுப்போகவே இல்லை. பழைய காயிலை மறுபடி வண்டியில மாட்டிட்டேன், புதுசு ஸ்பேரா டூல் பாக்ஸ்ல இருக்கு. நேத்து அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் குன்றக்குடி போயிட்டு, அப்படியே பிள்ளையார்பட்டியும் போயிட்டு வந்தேன். எங்கேயும் நிக்கலை.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப் | ஏப்ரல் 12, இரவு 9:35

ரொம்பச் சந்தோஷம் தம்பி. வண்டியை 2000 ஆர்பிஎம் சுமாருக்கு வச்சு, பேட்டரி முனையில சார்ஜ் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவுல வருதான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. இத்தனை நாள் மெயின் ஒயர் ரெண்டு இழையில ஓடினதால பேட்டரிக்குச் சார்ஜ் ஒழுங்காப் போயிருக்காது. குறைவா இருந்தா எழுதுங்க, ரெக்டிஃபையரைப் பார்ப்போம்.

பள்ளத்தூர் புல்லட் | ஏப்ரல் 13, காலை 8:20

13.9 அண்ணே. ஹெட்லைட் போட்டா 13.2.

தேவகோட்டை ஒர்க்‌ஷாப் | ஏப்ரல் 13, காலை 8:30

போதும். ஓட்டுங்க.